பெரிய டிரம்மை யார் சுமப்பது? – பேண்டு செட்டியலில் ஒரு முன்னாய்வு

முன்னுரை

தவிலைப் பற்றித் தமிழில் நூல்கள் உண்டு. பறையைப் பற்றி ஆய்வேடுகள் உண்டு. மிருதங்கத்துக்கு நூலும் உண்டு, ஆய்வேடும் உண்டு, சண்டையும் உண்டு. சப்பரத்துக்கு முன்னால் சிவப்புக் கோட்டும் வெள்ளைக் கால்சட்டையுமாக நடந்துபோகிற ஊர் இளைஞர் பேண்டு செட்டுக்கு இருக்கிற ஒரே எழுத்து ஆவணம் அதன் ரசீதுப் புத்தகம். அதிலும் பாதி அடிக்கட்டைகள் வெறுமையாக இருக்கின்றன. அந்தக் குறையைக் களையவே இக்கட்டுரை எழுந்தது. (குறை என்றது ஆய்வுலகின் குறையை. அடிக்கட்டைகளின் குறையைப் பற்றிக் கமிட்டியில் ஏற்கெனவே பேசி முடித்தாகிவிட்டது.)

ஆய்வாளரின் தகுதி பற்றி ஒரு சொல். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைப் பங்கின் பேண்டு செட்டுக்கு ஒன்பது ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன் நான். ஒரு டிரம்மையும் அடித்ததில்லை. ஆகவே நடுநிலை உறுதி. டிரம் வைக்கும் அறையின் சாவி என்னிடம் இருந்தது. ஆகவே தரவுகளும் உறுதி. ஆய்வின் எல்லை, கோயில் வாசலில் தொடங்கிக் கடற்கரைக் குருசடி வரை சென்று திரும்புவது.

கருதுகோள் இதுதான்: பேண்டு செட் நடத்துவது என்றால் பெரிய டிரம்மைச் சுமக்க ஓர் ஆள் தேடுவது. மற்றவையெல்லாம் தானாக நடக்கும், அல்லது நடக்காது. இரண்டுக்கும் திருவிழா நிற்காது.

இயல் 1: வகைப்பாட்டுச் சிக்கல்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு உரை எழுதப்புகுந்த அடியார்க்குநல்லார், தோற்கருவிகள் ஏறத்தாழ முப்பதை மூச்சுவிடாமல் அடுக்கிவிட்டு அவற்றை ஏழு வகையாகவும் பிரிக்கிறார்: அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு, பண்ணமைமுழவு, நாண்முழவு, காலைமுழவு. மத்தளமும் இடக்கையும் அகமுழவில் உயர்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. முரசு பண்ணமைமுழவில் வருகிறது. நாண்முழவு என்பது நாழிகைப்பறை, பொழுது காட்டுவது.

எங்கள் செட்டின் சைடு டிரம் இவற்றுள் எதில் சேரும்? நாண்முழவு என்று சொல்ல ஒரு காலத்தில் ஆசைப்பட்டேன். ‘மாலை 6 மணிக்குப் பவனி’ என்று நோட்டீசில் போட்டால் டிரம் சத்தம் கேட்கும்போது மணி எட்டு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதுவும் பொழுது காட்டுவதுதானே. ஆனால் ஆழ்ந்து நோக்கினால் உரையாசிரியர் ஓர் அடிப்படைக் கேள்வியைக் கேட்காமலே விட்டுவிட்டார். ஏழு வகையும் எங்கே, எதற்கு அடிப்பது என்பதை வைத்துப் பிரித்தவை. யார் தூக்கிக்கொண்டு நடப்பது என்பதை வைத்து ஒரு வகையும் இல்லை. ஆகவே எட்டாவதாகத் ‘தோள்முழவு’ என்ற வகையை இக்கட்டுரை முன்மொழிகிறது. இலக்கணம்: ஒருவன் சுமக்க, மற்றொருவன் பேர்வாங்கும் கருவி தோள்முழவு எனப்படும்.

இயல் 2: சுமையின் வரலாறு

பெரிய டிரம்மும் சிம்பலும் ஐரோப்பாவுக்குத் துருக்கியரிடமிருந்து போனவை. உதுமானியப் படையின் மெஹ்தர் வாத்தியக் குழுவைக் கேட்டுக் கலங்கிய ஐரோப்பிய அரசர்கள், 18ஆம் நூற்றாண்டில் அதே வாத்தியங்களைத் தங்கள் பட்டாளத்திலும் சேர்த்துக்கொண்டார்கள். 1794இல் லண்டனில் அரங்கேறிய ஹெய்டனின் ‘ராணுவ சிம்பொனி’யில் பெரிய டிரம், சிம்பல், முக்கோணக் கம்பி மூன்றும் ஒலித்தன. கம்பெனிப் பட்டாளத்தோடு அந்த ஓசை கடல் தாண்டி நம் பக்கமும் வந்தது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி அரண்மனையிலேயே பேண்டு வைத்துக்கொண்டார். முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரப் பேண்டு மெட்டுகளைக் கேட்டு அவற்றில் வடமொழிச் சாகித்தியம் அமைத்து, ‘நோட்டு ஸ்வரம்’ என்று ஒரு வகையையே உண்டாக்கினார். இன்று நாடு முழுவதும் கல்யாணப் பேண்டுக்காரர்கள் ஊதுகிற பித்தளை வாத்தியங்களில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்து மீரட்டின் ஜாலி கோட்டித் தெருவில் பிறந்தவை.

இதில் நம் ஆய்வுக்கு வேண்டியது ஒன்றே. மெஹ்தர் குழுவில் மிகப்பெரிய நகராக்களை ஒட்டகத்தின்மேல் ஏற்றிப் போனார்கள். ஒட்டகம் சுமந்த சுமையின் வாரிசை இப்போது ஒன்பதாம் வகுப்புப் பையன் சுமக்கிறான். நாகரிக வளர்ச்சி என்பது சில இடங்களில் இந்த வடிவில்தான் தென்படுகிறது.

நம் மரபிலும் இதே கதை. புறநானூற்றின் 50ஆம் பாட்டு எல்லோருக்கும் பாடமாக வந்ததுதான். மோசிகீரனார் களைப்பில் வந்து முரசுகட்டிலில் படுத்துத் தூங்கிவிடுகிறார்; சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அவரை வெட்டாமல் விட்டதோடு கவரியும் வீசுகிறான். இதுவரை உரை கண்டோர் அனைவரும் அரசனின் பெருந்தன்மையைக் கண்டார்களே ஒழிய, கட்டில் ஏன் காலியாக இருந்தது என்பதில் நிற்கவில்லை. முரசு நீராட்டப் போயிருந்தது. அதாவது, சர்வீசுக்குப் போன டிரம் சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை. சங்க காலத்திலேயே இதுதான் நிலைமை என்று அறியும்போது, எங்கள் செட்டின் டிரம்களைத் தோல் மாற்ற வாங்கிப்போய் திருவிழா முடிந்த மறுவாரம் கொண்டுவந்து கொடுத்தவர்மேல் எனக்கிருந்த கோபம் பாதி தணிந்தது. இன்னொன்றும் அந்தப் பாட்டில் தெரிகிறது. முரசுக்கு மெத்தென்ற பூப்பரப்பிய கட்டில் இருந்தது. முரசைச் சுமந்துபோனவர்கள் எங்கே படுத்தார்கள் என்ற பேச்சே இல்லை.

தோல் என்றதும் ஓர் இடைக்குறிப்பு. 1957இல் அமெரிக்காவில் ரெமோ பெல்லி முதலியோர் கன்றுத்தோலுக்குப் பதில் பாலியெஸ்டர் தகட்டை டிரம்மின் முகத்தில் பூட்டி விற்கத் தொடங்கினார்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் அவர்களுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாம். உப்புக்காற்றின் ஈரத்தில் கன்றுத்தோல் தொய்ந்து மாவுப்பலகைபோல் சத்தம் கொடுக்கும். பிளாஸ்டிக்குக்கு அந்தக் கவலை இல்லை. ஆனாலும் எங்கள் பையன்கள் அதை இன்றைக்கும் “தோலு கிழிஞ்சிட்டு” என்றுதான் சொல்வார்கள். மாடு போனாலும் சொல் போகாது.

இயல் 3: ஆள்தேர்வு

எங்கள் செட்டில் சைடு டிரம் பன்னிரண்டு, பெரிய டிரம் இரண்டு, சிம்பல் இரண்டு ஜோடி. சைடு டிரம்முக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஆண்டுதோறும் முப்பதுக்குக் குறையமாட்டார்கள். சிம்பலுக்கு அடிதடி நடக்கும். அது வெயிலில் மின்னும், கையை விரித்து அடிக்கலாம், எடையும் குறைவு. பெரிய டிரம்முக்கு ஒன்பது ஆண்டுகளில் தானாக முன்வந்தவர் தொகை பூச்சியம்.

காரணங்களைத் தகவலாளர்களிடமே கேட்டுப் பதிவு செய்தேன்.

“ஏலே, நீ பெரிய டிரம்மைப் பிடி.”

“எனக்கு முதுகுவலி அண்ணே.”

“பதினாலு வயசுல என்னலே முதுகுவலி?”

“எங்க அப்பாவுக்கு இருக்கு.”

மற்றொரு காரணத்தைச் சொன்னது பையன் அல்ல, அவனுடைய தாய். பெரிய டிரம் கொடுத்த அன்றே சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டார். “அண்ணே, கோட்டுத் தைக்க நானும் எல்லாரையும் போலத்தான் பணம் குடுத்தேன். போன வருச வீடியோல அந்த டிரம்முக்காரப் பிள்ளைக்கு மொகமே தெரியல. துபாய்ல இருக்க அவுக அப்பா எதைப் பாத்து எம்புள்ளன்னு சொல்லுவாக?” இதற்கு என்னிடம் பதில் இல்லை. 24 அங்குலக் குறுக்களவுள்ள டிரம்மை வயிற்றின்மேல் தாங்கி, வாரை முதுகில் குறுக்காகப் போட்டு இறுக்கினால், நம் பையன்களுக்கு அதன் மேல்விளிம்பு தாடைவரை வரும். முன்னாலிருந்து பார்த்தால் குஞ்சம் வைத்த தொப்பியணிந்த டிரம் ஒன்று தானே நடந்து வருவதுபோல் இருக்கும். சுமப்பவனுக்கோ தன் காலும் தெரியாது, தரையும் தெரியாது. வேகத்தடை, சாணி, மூடியில்லாத சாக்கடை மூன்றையும் அவன் நம்பிக்கையால் மட்டுமே கடக்கவேண்டும். இதற்கென்று நான்காம் வகுப்புப் பையன் ஒருவனைப் பக்கத்தில் நடக்கவிட்டு, “பள்ளம்”, “மேடு”, “மாடு” என்று சொல்லவைத்தோம். செட்டிலேயே ஒழுங்காகத் தாளம் பிசகாமல் வேலை பார்த்தவன் அவன்தான்.

ஆகவே நடைமுறையில் உருவான தேர்வுமுறை இது: சைடு டிரம்மில் தேறாதவன் பெரிய டிரம்முக்கு. இதை யாரும் தீர்மானமாகப் போட்டதில்லை. எல்லா ஊரின் சட்டங்களும் இப்படித்தான் பிறக்கின்றன. அந்த முறையில் எங்களுக்கு வந்து சேர்ந்தவனை இக்கட்டுரை இனி ‘முதன்மைத் தகவலாளி’ என்று குறிக்கும். ஒன்பதாம் வகுப்பை அவசரமில்லாமல் படித்துக்கொண்டிருந்தவன். “யாரு சொன்னாலும் கேக்கமாட்டான்” என்பது அவன்மேல் பள்ளிக்கூடம், வீடு, மறைக்கல்வி வகுப்பு மூன்றும் ஒருமனதாகச் சொன்ன புகார். சைடு டிரம்மில் உருட்டு வாசிக்கச் சொல்லி பேண்டு மாஸ்டர் மூன்று வாரம் முயன்றார். குச்சியைத் துள்ளவிட வேண்டும். துள்ளல் தானாக டர்ர்ர் என்று ஓடவேண்டும். இவன் கையில் குச்சி துள்ளாது. “டம்” என்று இறங்கும், அங்கேயே நிற்கும். மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டு, “இவனைத் தூக்கிப் பெரிசுல போடுங்க சார்” என்றார்.

இயல் 4: வருவாய்

இவ்வியலுக்குப் போதிய தரவுகள் கிட்டவில்லை. வெற்றிலை பாக்கு வைத்து அட்வான்ஸ் கொடுப்பவர்கள் பாக்கியையும் வெற்றிலை பாக்காகவே கொடுத்து முடிப்பதுண்டு. செலவு இயல் இதைவிடப் பெரிது. அதில் சித்திரையில் அளவெடுத்த கால்சட்டை ஆவணிக்குள் கணுக்காலுக்கு மேலேறிவிடுவதே முதல் தலைப்பு.

இயல் 5: வேகமும் ஒலியும்

பட்டாளத்து ‘குயிக் மார்ச்’சுக்கு நிமிடத்துக்கு 120 காலடி, காலடி ஒவ்வொன்றும் 30 அங்குலம், ஏறத்தாழ 75 சென்டிமீட்டர். என்சிசியிலும் சொல்லித்தருவது இதையேதான். அப்படி நடந்தால் நிமிடத்துக்கு 90 மீட்டர். எங்கள் பவனிப் பாதை 900 மீட்டர். பத்தே நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும்.

ஆனால் பின்னால் வருவது மாதா சப்பரம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும். மாலை போடுவார்கள், மெழுகுவர்த்தி கொடுப்பார்கள், உப்பும் மிளகும் எறிவார்கள், கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டுவார்கள். பவனி முடிய மூன்று மணி நேரம் ஆகும். 900 மீட்டருக்கு 180 நிமிடம். நிமிடத்துக்கு 5 மீட்டர். டிரம்மோ 120 காலடிக்கு அடித்துக்கொண்டிருக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு காலடிக்குக் கிடைப்பது 4 சென்டிமீட்டர் சொச்சம். உலகப் படைகள் எவற்றிலும் இந்த நடை பயிற்றப்படுவதில்லை. ‘மார்க் டைம்’ என்று நின்ற இடத்தில் காலைத் தூக்கிப்போடுவதே பேண்டு செட்டின் உண்மையான கலை என்பதும், முன்னால் போவது இடையிடையே நேரும் விபத்து என்பதும் இதனால் நிறுவப்பட்டது.

இடதுகால் விழும்போதெல்லாம் பெரிய டிரம்மில் ஓர் அடி விழவேண்டும். மூன்று மணி நேரம் இடைவிடாமல் வாசித்தால் அது 10,800 அடி. நிறுத்தங்களைக் கழித்தாலும் அந்தக் கையை நினைத்துப் பாருங்கள்.

இப்போது ஒலி. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் ஓடுகிறது. 120 காலடி நடையில் ஒரு காலடிக்கு அரை நொடி. ஆகவே டிரம்முக்கு 170 மீட்டர் பின்னால் நடப்பவரின் காதில் சத்தம் விழும்போது, முன்னால் இருப்பவர்கள் அடுத்த காலை வைத்துக்கொண்டிருப்பார்கள். இவருக்கு இடதுகால் என்றால் அவர்களுக்கு வலதுகால். ஒருமுறை பவனியின் கடைசியில் வந்த கமிட்டிப் பெரியவர் ஒருவர், தூரத்தில் தொப்பிகள் ஆடுவதைப் பார்த்து, “பயலுவ தாளம் தப்பிட்டானுவ, பாக்கிப் பணத்தைப் புடிங்க” என்று சத்தம் போட்டார். இயற்பியல்படி அவர் கண்டதும் உண்மை, பையன்கள் அடித்ததும் சரி. தப்பாக இருந்தது அவர் நின்ற இடம். நான் இதைத் தாளில் வரைந்து விளக்கினேன். பாக்கிப் பணம் வரவில்லை.

பெரிய டிரம்மின் தாழ்ந்த ஒலி சுவர்களையும் மூலைகளையும் வளைந்து கடக்கும். சைடு டிரம்மின் மேலோசை வீட்டுச் சுவரில் மோதி நின்றுவிடும். அதனால் அடுத்த தெருவில் சமைத்துக்கொண்டிருக்கும் பெண்களுக்குக் கேட்பது ‘டும், டும்’ மட்டுமே. “சத்தம் நடுத்தெருவுக்கு வந்துட்டு, ஆட்டுக்கறியை இறக்கு” என்று அவர்கள் கணக்கிடுவது அதை வைத்துத்தான். பன்னிரண்டு பேர் கைவலிக்க வாசிக்கும் உருட்டு, பின்னல், குச்சி சுழற்றல் எதுவும் ஒரு தெரு தாண்டுவதில்லை. ஊர் கண்ணால் பார்ப்பது சைடு டிரம்மை. காதால் கேட்பது பெரிய டிரம்மை. வீடியோக்காரர் கண்கட்சி என்பதால்தான் அந்தத் தாய் என் வீட்டுக்கு வரவேண்டியதாயிற்று.

பாலங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 1831 ஏப்ரல் 12 அன்று இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே பிராட்டன் தொங்குபாலத்தின்மேல் படைவீரர் 74 பேர் கால் ஒத்து நடந்தார்கள். பாலம் அவர்கள் காலடிக்கு ஏற்ப ஆட ஆரம்பித்தது, வீரர்களுக்கு அது பிடித்துப்போய் மேலும் ஒத்து நடந்தார்கள், பாலம் இடிந்தது. அதன்பிறகு பாலத்தில் நடை கலைத்துப் போகவேண்டும் என்று பிரிட்டிஷ் படையில் ஆணை பிறந்தது. எங்கள் ஊர் ஓடைப்பாலம் இன்றுவரை ஆடாமல் நிற்பதற்கு எங்கள் செட்டே காரணம். அதன்மேல் நாங்கள் ஒருநாளும் கால் ஒத்து நடந்ததில்லை.

இயல் 6: கள ஆய்வு, ஓர் இரவு

பவனி நடுத்தெரு முனைக்கு வரும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒன்று நடக்கும். அங்கே வீடியோ விளக்கு நிற்கும். அதற்குப் பக்கத்தில் பரோட்டாக் கடை. அதற்கு எதிரே மாடிநிறையப் பெண்பிள்ளைகள். இம்மூன்றின் கூட்டு ஈர்ப்பால் சைடு டிரம்கள் ஓட்டம் பிடிக்கும். கையில் இருக்கும் 120 எப்போது 140 ஆனது என்று அடிப்பவனுக்கே தெரியாது. மாஸ்டர் விசில் ஊதி ஊதிப் பார்த்துவிட்டு, கடைசியில் கத்துவார்: “மெதுவாலே! மாதா நடந்துதான் வாராங்க, பஸ்ஸுல வரல!”

அந்த ஆண்டும் ஓடினார்கள். முதன்மைத் தகவலாளி ஓடவில்லை. ‘டும்’ என்று இறங்கியது, நின்றது. மறுபடி ‘டும்’. சைடு டிரம்கள் இரண்டு வீடு தூரம் தனியாகப் போய்விட்டுச் சிதறின. பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு ஊருக்குப் போகிறவர்கள்போல வாசித்தார்கள். மாடியிலிருந்து சிரிப்பு. பிறகு ஓரத்து ஆள் ஒருவன் தலையைத் திருப்பிப் பெரிய டிரம்மைப் பார்த்தான். அடுத்த ‘டும்’முக்குக் காலைப் போட்டான். அவனைப் பார்த்து அடுத்தவன். பத்துப் பதினைந்து அடிக்குள் பன்னிரண்டு டிரம்மும் ஒன்றாகிவிட்டன. சத்தம் சேர்ந்து எழுந்தபோது என் முதுகுத்தண்டில் ஏதோ ஓடியது. பொருளாளருக்கு உணர்ச்சி கூடாது என்பதால் இதற்குமேல் பதிவு செய்யவில்லை.

பிற்பாடு கேட்டேன்: “அவனுவ ஓடுனப்ப நீ மட்டும் எப்படிலே நின்ன?”

“அவனுவ அடிச்சது எனக்குக் கேக்கவே இல்ல அண்ணே. என் டிரம்முதான் காதுக்குள்ள கேக்கு.”

“பாக்கவுமா இல்ல?”

“எங்க அண்ணே தெரியுது?”

இவ்விடைகள் கருதுகோளைக் கொஞ்சம் சங்கடப்படுத்துகின்றன என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். செட்டைக் கட்டிக்காத்தது திறமை என்று எழுத நினைத்திருந்தேன்.

மணி பத்தானதும் போலீஸ் வந்தது. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை போட்டன. பிற்பாடு வந்த திருத்தம் வாத்தியங்களையும் அதில் சேர்த்துவிட்டது. பண்டிகை நாட்களில் நள்ளிரவுவரை அரசு சிறப்பு அனுமதி கொடுக்கலாம். அந்த அனுமதித் தாள் யார் சட்டைப்பையில் இருக்கிறது என்பதில் ஒரு விவாதம் நடந்தது. அதுவரை மாஸ்டர் தோலில் அடிக்காமல் விளிம்புச் சட்டத்தில் குச்சியைத் தட்டவைத்து நடத்திப்போனார். சட்டத்தை மதித்துச் சட்டத்திலேயே அடித்த ஒரே பேண்டு செட் நாங்களாகத்தான் இருப்போம். பெரிய டிரம் மட்டும் சும்மா வந்தது. அடிக்காவிட்டாலும் எடை குறைவதில்லை.

சப்பரம் கோயிலுக்குள் போனபோது மணி பன்னிரண்டே கால். மறுநாள் காலையே பக்கத்து ஊரில் கொடியேற்றத்துக்கு அடிக்கவேண்டியிருந்ததால் டிரம்களை வேனில் ஏற்றினோம். மற்றவர்கள் பரோட்டா சாப்பிடப் போய்விட்டார்கள். சைடு டிரம்களை எண்ணினேன்: பன்னிரண்டு. சிம்பல் சரி. பெரிய டிரம் ஒன்று இருந்தது, மற்றது இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் வேனின் உள்மூலையில் அதைப் படுக்கப்போட்டு, அதன்மேல் அவன் படுத்திருந்தான். கோட்டுப் பொத்தான் திறந்து, வார் முதுகில் இன்னும் குறுக்காக மாட்டியபடி, வாய் திறந்து. தோள் இரண்டிலும் வார் பதிந்த சிவப்புக்கோடு.

தோல் அமுங்கிவிடும், எழுப்பவேண்டும் என்றுதான் ஏறினேன். கடற்கரைக் கொசு அவன் முகத்தை மொய்த்துக்கொண்டிருந்தது. சட்டைப்பையில் திருவிழா நோட்டீஸ் இருந்தது. எடுத்து இரண்டு விசிறு விசிறினேன்.

கண்ணைத் திறக்காமலே, “காலுப்பக்கமும் அண்ணே” என்றான்.